ஸ்கேன் அறையில் யாருக்கு என்ன பொறுப்பு?

எக்ஸ்ரே, ஸ்கேன் பற்றி மருத்துவமனை வராந்தாக்களில் நடக்கும் பேச்சைக் கவனித்தால், சில வாக்கியங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். ‘எந்த ஸ்கேனாக இருந்தாலும் கதிர்வீச்சுதான், உடம்புக்குக் கெடுதல்.’ ‘கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று, இனி என்ன ஆனாலும் கேட்க முடியாது.’ ‘மிஷினே சொல்லிவிட்டது, அப்புறம் என்ன?’ இவற்றுள் ஒன்றுகூட உண்மையில்லை. ஆனாலும் படித்தவர்கள், படிக்காதவர்கள் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் இவற்றை நம்புகிறோம். சில வேளைகளில் மருத்துவமனைகளும் இந்த நம்பிக்கையைத் தமக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொள்கின்றன.

இந்தத் தவறுகளின் வேர், ஸ்கேன் சென்டரைப் போட்டோ ஸ்டுடியோவைப் போல நாம் நினைப்பதில் இருக்கிறது. ஸ்டுடியோவில் படம் எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது நாம்தான். எடுக்கும்போது படும் வெளிச்சத்தால் உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. படத்தில் இருப்பது யார் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அதை யாரிடம் காட்டினாலும் பெரிய சேதமில்லை. ஸ்கேனில் இவையெல்லாம் தலைகீழ். அது தேவையா என்று சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும்; எடுப்பதால் உடம்புக்கு ஏதாவது ஆகலாம்; படத்தைப் படிக்கப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும்; அது வெளியே போனால் ஒருவரின் வேலையோ திருமணமோ பாதிக்கப்படலாம். ஸ்டுடியோவிலிருந்து ஸ்கேன் எந்தெந்த இடத்தில் வேறுபடுகிறதோ, அந்தந்த இடத்தில்தான் பொறுப்பு பிறக்கிறது. இந்தியாவில் அந்தப் பொறுப்புகள் எப்படி வகுக்கப்பட்டிருக்கின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் எது, நெறி எது

மீறினால் அபராதம், சிறை, உரிம ரத்து, இழப்பீடு ஆகியவற்றுள் ஒன்று வந்து சேருமானால் அது சட்டப் பொறுப்பு. மீறினாலும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே போய்விடக்கூடியது நெறிப் பொறுப்பு. பதிவு பெறாத எக்ஸ்ரே கருவியை இயக்குவது சட்ட மீறல். பதிவு பெற்ற கருவியில், தேவையே இல்லாத ஒரு சிடி ஸ்கேனை எடுப்பது நெறி மீறல். இரண்டாவதில் பில் சரியாக இருக்கும், ரிப்போர்ட் சரியாக இருக்கும், ஆய்வுக்கு வரும் அதிகாரியின் கண்ணுக்கு ஒரு குறையும் தென்படாது.

கமிஷன் விவகாரம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நோயாளியை அனுப்பியதற்காக ஸ்கேன் சென்டரிடமிருந்து மருத்துவர் பணம் பெறுவதை 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிமுறைகள் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. 2023இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிமுறைகள் சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டதால் இந்தப் பழைய விதிமுறைகளே இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் கவரில் கைமாறும் பணத்துக்கு ரசீது கிடையாது. ‘அந்த சென்டரில்தான் எடுக்க வேண்டும்’ என்று ஒரு மருத்துவர் வற்புறுத்தினால், அங்கிருக்கும் கருவியின் தரம் காரணமா என்று கேட்பதில் தவறில்லை. தரமே காரணமாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு.

எடுக்க வேண்டுமா?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்கும் அளவுக்கு ஆற்றல் கொண்ட கதிர்வீச்சை அயனியாக்கும் கதிர்வீச்சு என்பார்கள். உடலணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கும் திறன் அதற்கு இருப்பதால்தான் அதைப் பற்றிக் கவலைப்படுகிறோம். எக்ஸ்ரே, சிடி, மேமோகிராம், ஆஞ்சியோகிராம் ஆகியவை இதைப் பயன்படுத்துகின்றன. அல்ட்ராசவுண்ட் ஒலி அலையால் இயங்குகிறது. எம்ஆர்ஐ காந்தப்புலத்தாலும் ரேடியோ அலையாலும் இயங்குகிறது. இந்த இரண்டிலும் அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை. ஆக, ‘எல்லா ஸ்கேனும் கதிர்வீச்சு’ என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

உடலில் சேரும் கதிர்வீச்சின் பாதிப்பை மில்லிசீவர்ட் என்ற அலகால் அளக்கிறார்கள். மண், காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து இயற்கையாகவே ஒரு மனிதருக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்து சேர்கிறது. மணவாளக்குறிச்சியைப் போலத் தோரியம் கலந்த மணல் உள்ள கடற்கரைகளில் இது இன்னும் கூடுதல். ஒரு மார்பு எக்ஸ்ரே 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. ஒரு வயிற்று சிடி ஏறக்குறைய 5 முதல் 10 மில்லிசீவர்ட். இரண்டையும் ‘ஸ்கேன்’ என்ற ஒரே சொல்லால் குறித்துவிட்டு, ஒன்றுக்குப் பயப்படுவதைப் போலவே மற்றதற்கும் பயப்படுவது, அல்லது ஒன்றை எடுப்பதைப் போலவே மற்றதையும் சும்மா எடுத்துக்கொள்வது, இரண்டுமே பிசகு.

பணியாளர்களுக்கு உச்சவரம்பு உண்டு. கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவருக்குத் தொடர்ந்த 5 ஆண்டுகளின் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது, எந்தத் தனி ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்று அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்திருக்கிறது. பொதுமக்களுக்கு அந்த வரம்பு, இயற்கையாக வருவதையும் சிகிச்சைக்காக வாங்குவதையும் சேர்க்காமல், ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். ஆனால் சிகிச்சைக்காக வரும் நோயாளிக்கு இப்படி ஒரு வரம்பே கிடையாது. கேட்பவர்கள் திடுக்கிடும் இடம் இது. காரணம் எளிது: விபத்தில் அடிபட்டு வந்தவருக்கு, ‘இந்த ஆண்டுக்கான அளவு முடிந்துவிட்டது, தலைக்கு சிடி எடுக்க முடியாது’ என்று சொல்வது கொலைக்குச் சமம். வரம்புக்குப் பதிலாக இரண்டு கேள்விகள் வைக்கப்பட்டிருக்கின்றன. எடுப்பதால் வரும் நன்மை, தீங்கைவிடக் கூடுதலா? இது நியாயப்படுத்தல். எடுப்பதானால், தேவையான தெளிவு கிடைக்கும் மிகக் குறைந்த அளவில் எடுக்கிறோமா? இது உகப்பாக்கல். வரம்பு இல்லாததால் பொறுப்பு குறைந்துவிடவில்லை. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே யோசித்தாக வேண்டும் என்பதால் அது கூடித்தான் இருக்கிறது.

இந்த யோசனைக்கு ஆதாரமாக இருப்பது மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டு. ‘சிடி அப்டமன்’ என்று மட்டும் எழுதிய சீட்டும், ‘மூன்று நாளாக வலது அடிவயிற்றில் வலி, காய்ச்சல், குடல்வால் அழற்சியா?’ என்று எழுதிய சீட்டும் ஒன்றல்ல. முதல் சீட்டை வைத்துக்கொண்டு, இந்த நோயாளிக்கு அல்ட்ராசவுண்டே போதுமா, சிடிதான் வேண்டுமா என்று கதிரியல் மருத்துவரால் தீர்மானிக்க முடியாது. இரண்டாவதை வைத்து முடியும். அந்த ஒரு வரியை எழுதுவது அனுப்பும் மருத்துவரின் பொறுப்பு. சீட்டில் அது இல்லையென்றால் போன் செய்து கேட்பது ஸ்கேன் சென்டரின் பொறுப்பு. நெரிசலான சென்டர்களில் இந்த போன் பெரும்பாலும் போவதில்லை.

உகப்பாக்கல் பெரும்பாலும் கருவியை இயக்கும் டெக்னீஷியனின் கையில் இருக்கிறது. பெரியவருக்கு வைத்த அளவிலேயே நான்கு வயதுக் குழந்தைக்கும் எடுத்துவிட்டால், படம் அழகாகவே வரும். குழந்தை வாங்கிய கூடுதல் கதிர்வீச்சு படத்தில் தெரியாது. அழும் குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால், நாள்தோறும் அதே அறையில் நிற்கும் ஊழியரைவிட, லெட் ஏப்ரன் (ஈய மேலங்கி) அணிந்த, கர்ப்பமாக இல்லாத உறவினர் ஒருவர் பிடிப்பதே முறை. ஊழியரின் மார்பில் ஒரு சிறிய டிஎல்டி பேட்ஜ் இருக்கும். ஏப்ரனுக்கு உள்ளே அணிய வேண்டிய அந்த பேட்ஜை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி, அவர் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறார் என்று கணக்கிடுகிறார்கள். அது மார்பில் இல்லாமல் மேசை டிராயரில் கிடந்தால், தாளில் வரும் கணக்கு அந்த டிராயருடையது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: எல்லா ஸ்கேனிலும் கதிர்வீச்சு இல்லை, இருப்பவற்றிலும் அளவு பெரிதும் வேறுபடுகிறது, நோயாளிக்கு உச்சவரம்பு இல்லாததால், தேவையா என்று கேட்கும் கடமை அனுப்புபவருக்கும் எடுப்பவருக்கும் சேர்ந்தே இருக்கிறது.

கையெழுத்துக்கு என்ன பொருள்?

ஒப்புதல் என்பது, தனக்கு என்ன செய்யப்போகிறார்கள், ஏன் செய்யப்போகிறார்கள், அதில் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதைப் புரிந்துகொண்ட ஒருவர் தரும் இசைவு. அந்த இசைவு நடந்ததற்கான சாட்சியே கையெழுத்து. விளக்கமே இல்லாமல் வாங்கிய கையெழுத்து, நடக்காத ஒன்றுக்குச் சாட்சி சொல்கிறது.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமீரா கோலி வழக்கு இதில் முக்கியமானது. பரிசோதனைக்கான லேப்ராஸ்கோபிக்கு (வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்ப்பதற்கு) ஒப்புதல் தந்த பெண் மயக்கத்தில் இருந்தபோது, அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. பரிசோதனைக்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குத் தந்த ஒப்புதலாகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தெளிந்த மனநிலையுள்ள வயதுவந்த ஒருவருக்காக இன்னொருவர் ஒப்புதல் தர முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. ஸ்கேன் அறைக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், சாதாரண சிடிக்குச் சம்மதித்தவருக்குக் கேட்காமல் கான்ட்ராஸ்ட் (படத்தில் உறுப்புகளைத் தெளிவாகக் காட்டும் மருந்து) ஊசி போட முடியாது. ஸ்கேனுக்குச் சம்மதித்தவரிடம் அதே மேசையில் ஊசி குத்திச் சதை எடுக்க முடியாது. மனைவிக்குப் பதிலாகக் கணவர் கையெழுத்திடும் நம் ஊர் வழக்கத்துக்கும் சட்டத்தில் இடமில்லை.

எல்லாவற்றுக்கும் எழுத்து வேண்டும் என்பதும் இல்லை. மார்பு எக்ஸ்ரேவுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நிற்பதே ஒப்புதல்தான். கான்ட்ராஸ்ட் மருந்து அப்படியல்ல. சிடியில் பயன்படும் அயோடின் கலந்த அந்த மருந்து சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மேலும் பாதிப்பைத் தரலாம். எனவே முன்பு ஒவ்வாமை வந்ததுண்டா, சர்க்கரை நோய்க்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பதும், தேவைப்படுவோருக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்ப்பதும் சடங்கல்ல. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டுக்கு, எப்படிச் செய்யப்போகிறோம் என்று முன்பே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெண் ஊழியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். மேசையில் படுத்த பிறகு சொல்வதை விளக்கம் என்று கொள்ள முடியாது.

கையெழுத்துப் போட்டதால் கேள்வி கேட்கும் உரிமை போய்விடுவதும் இல்லை. தெரிவிக்கப்பட்ட ஆபத்தை ஏற்றுக்கொண்டதற்கே அது சாட்சி. அலட்சியத்தை ஏற்றுக்கொள்வதாக எந்தப் படிவத்தில் அச்சிட்டு வாங்கினாலும் அது மருத்துவமனையைக் காப்பாற்றாது.

கதிர்வீச்சே இல்லாத கருவிக்குக் கடுமையான சட்டம்

தீங்கு விளைவிப்பது கதிர்வீச்சு மட்டுமே என்றால், அல்ட்ராசவுண்டுக்குச் சட்டமே தேவைப்பட்டிருக்காது. ஆனால் இந்தியாவில் மருத்துவப் படமெடுப்பு தொடர்பான சட்டங்களில் மிகக் கடுமையானது அல்ட்ராசவுண்டைக் குறிவைத்ததுதான். 1994இல் இயற்றப்பட்டு, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் இறுக்கப்பட்ட பிசிபிஎன்டிடி சட்டம், கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடை செய்கிறது. அதன் பின்னணியை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. உசிலம்பட்டி, சேலம் பகுதிகளில் நடந்த பெண்சிசுக் கொலைகளும், 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் நம் நினைவில் இருப்பவை. பிறந்த பின் நடந்த கொலையைப் பிறக்கும் முன்பே நடத்தும் வசதியாக அல்ட்ராசவுண்ட் மாறியது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் 6 வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 943 பேரே இருந்தனர்.

சட்டம் செயல்படும் விதம் இதுதான். அல்ட்ராசவுண்ட் கருவியைப் பதிவு பெறாத இடத்துக்கு விற்பதே குற்றம். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் நிரப்பப்பட வேண்டும். பெயர், வயது, ஏற்கெனவே உள்ள குழந்தைகள் எத்தனை, அவர்கள் ஆணா பெண்ணா, யார் அனுப்பினார்கள், எதற்காக ஸ்கேன், என்ன தெரிந்தது என்பவையெல்லாம் அதில் வரும். கருவின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று அந்தப் பெண்ணும், அதைக் கண்டறியவோ சொல்லவோ இல்லை என்று மருத்துவரும் தனித்தனியே உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ‘இரண்டும் பெண் குழந்தையா?’ என்று வரவேற்பு மேசையில் கேட்கும்போது சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் அந்தக் கேள்வி படிவத்தில் உள்ளது. பாலினத்தைச் சொல்வது என்பதில் வாய்ச்சொல் மட்டுமல்ல, சைகையும் வேறு எந்த வழியும் அடங்கும். சங்கேதமாக ஓர் இனிப்பின் பெயரைச் சொல்வதும், ரிப்போர்ட் வாங்க ஒரு குறிப்பிட்ட கிழமையில் வரச்சொல்வதும்கூட இதில் சேர்ந்துவிடும்.

மருத்துவருக்கு முதல் முறை 3 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும், மறுமுறை 5 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். பாலினம் அறிவதற்காக அணுகும் கணவர், உறவினர் ஆகியோரும் தண்டனைக்கு உரியவர்கள். கர்ப்பிணியைப் பொறுத்தவரை, எதிர்மாறாக நிரூபிக்கப்படாதவரை, அவர் குடும்பத்தாரால் கட்டாயப்படுத்தப்பட்டார் என்றே சட்டம் அனுமானிக்கிறது.

மருத்துவர்கள் அதிகம் சண்டையிட்டது வேறு ஒரு பிரிவைப் பற்றி. எஃப் படிவத்தில் குறையோ பிழையோ இருந்தால், அப்படி இல்லை என்று மருத்துவர் நிரூபிக்காதவரை, அதுவே பாலினம் கண்டறிதல் தடையை மீறியதாகக் கொள்ளப்படும். எழுத்துப் பிழைக்கும் குற்றத்துக்கும் ஒரே தண்டனையா என்று மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபாக்சி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 மே மாதத்தில் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. பாலினத்தைச் சொல்லும் குற்றம் மூடிய அறைக்குள் இருவருக்கிடையே நடப்பதால், வெளியே கிடைக்கும் ஒரே தடயம் அந்தப் படிவம்தான் என்பதே இதன் அடிப்படை. மருத்துவர்களின் மனக்குறையில் கொஞ்சம் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் படிவத்தைத் தளர்த்தினால் சட்டத்தில் வேறெதுவும் மிஞ்சாது.

இதே ஸ்கேனில் கனடாவிலோ பிரிட்டனிலோ உள்ள நம் உறவினரிடம் குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றமில்லை. அங்கும் இங்கும் கருவி ஒன்றுதான். அந்தத் தகவல் வெளியே வந்தபின் சமூகம் அதை என்ன செய்கிறது என்பதுதான் வேறு.

காந்தம் உறங்குவதில்லை

எம்ஆர்ஐ பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அதன் காந்தம் இயங்கிக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், உறவினருக்குத் துணையாக வந்த ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டருடன் அந்த அறைக்குள் போனதும் காந்தம் சிலிண்டரை இழுத்துக்கொண்டது, அவர் உயிரிழந்தார். மருத்துவர் ஒருவர் மீதும் ஊழியர்கள் மீதும் வழக்குப் பதிவானது. கதவில் எச்சரிக்கைப் பலகை ஒட்டியதோடு பொறுப்பு முடிவதில்லை. கதவருகே நின்று தடுக்க ஆள் வேண்டும். பேஸ்மேக்கர், உடலுக்குள் உலோகக் கிளிப் உள்ளவர்களை அறைக்குள் விடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படத்தைப் படிப்பவர்

மேசையிலிருந்து இறங்கியதும், ‘தம்பி, ஏதாச்சும் இருக்கா?’ என்று டெக்னீஷியனிடம் கேட்காத நோயாளி அபூர்வம். அவர் பதில் சொல்லாதது அகம்பாவமல்ல. படமெடுப்பது அவருடைய தொழில். அதைப் படித்து முடிவு எழுதுவது கதிரியல் மருத்துவருடையது. ‘ஒன்றுமில்லை’ என்று அவர் ஆறுதலாகச் சொல்லி, ரிப்போர்ட்டில் கட்டி என்று வந்தால், அந்த ஆறுதலே தீங்காகிவிடும்.

கருவி எதையும் ‘சொல்வதில்லை’. கறுப்பும் வெள்ளையுமான நிழல்களைத் தருகிறது. பொருள் தருவது மனிதர். மனிதர் தவறலாம். தவறுகள் எல்லாமே அலட்சியம் ஆகிவிடுவதில்லை என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் எடுத்திருக்கும் கவனத்தை இவரும் எடுத்தாரா என்பதே அளவுகோல். குற்ற வழக்காக வேண்டுமென்றால் அலட்சியம் மிக மோசமானதாக இருக்க வேண்டும். மிக நுண்ணிய ஒரு புள்ளி கண்ணில் படாமல் போவது இதில் ஒரு பக்கம். வலது சிறுநீரகம் என்று எழுத வேண்டிய இடத்தில் இடது என்று எழுதுவது, இன்னொருவரின் படத்துக்கு இவர் பெயரில் ரிப்போர்ட் கொடுப்பது ஆகியவை மறுபக்கம்.

ரிப்போர்ட்டை எழுதிக் கவரில் போட்டதும் கடமை முடிந்துவிடுவதும் இல்லை. மூளையில் ரத்தக்கசிவு தெரிந்தால், அனுப்பிய மருத்துவரை உடனே போனில் அழைத்துச் சொல்லி, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னோம் என்று ரிப்போர்ட்டிலேயே குறிப்பது நல்ல நடைமுறை. புற்றுநோய் என்று தெரியும்போது, ‘அம்மாவிடம் சொல்லாதீங்க டாக்டர்’ என்று மகன் கேட்பதும் வழக்கம். அந்த அன்பு புரிகிறது. ஆனாலும் உடம்பு அம்மாவுடையது. தன் நோயை அறியும் உரிமையும் அவருடையதே. எவ்வளவு, எப்போது, எப்படிச் சொல்வது என்பதில் மருத்துவர் நிதானம் காட்டலாம். அவர் நேரடியாகக் கேட்கும்போது பொய் சொல்லலாகாது.

படம் யாருடையது?

டிஜிட்டல் படக்கோப்பினுள் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை, எடுத்த நாள் ஆகியவை பதிந்திருக்கும். இந்த வடிவத்துக்கு டைகாம் என்று பெயர். மூலையில் தெரியும் பெயரை வெட்டிவிட்டாலும் கோப்பினுள் அது இருக்கும். ‘அரிதான கேஸ்’ என்று வாட்ஸ்அப் குழுவில் போடும் மருத்துவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. கற்பிப்பதற்காகப் பகிர வேண்டுமென்றால் அடையாளங்களை முழுவதுமாக நீக்க வேண்டும், முடிந்தவரை நோயாளியின் இசைவும் பெற வேண்டும்.

நோயாளி தன் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. உள்நோயாளிகளின் பதிவுகளை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். பழைய ஃபிலிமைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய ஸ்கேனுக்குப் போகும் பழக்கம் நம்மிடமும் உண்டு. முந்தைய படத்தோடு ஒப்பிட்டால்தான் கட்டி வளர்ந்ததா இல்லையா என்று தெரியும். அதைக் கொண்டுபோவது நோயாளி செய்ய வேண்டிய வேலை.

எங்கே முறையிடுவது?

ஒவ்வொரு பொறுப்புக்கும் வாசல் வேறு. எக்ஸ்ரே, சிடி அறையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கீழ் வருகிறது. கமிஷன், அந்தரங்க மீறல் போன்ற மருத்துவரின் நடத்தைக் குறைகளுக்கு மாநில மருத்துவக் கவுன்சில் இருக்கிறது. பாலினம் சொன்னது தெரியவந்தால், அந்தச் சட்டத்தின்படி மாவட்டத்தில் நியமிக்கப்பட்டிருக்கும் உரிய அதிகாரியிடம் யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம். குறைந்தது 15 நாள் அறிவிப்பு தந்த பிறகு, புகாரளித்தவரே நேரடியாக நீதிமன்றத்தை நாடவும் அச்சட்டம் வழிவிடுகிறது.

இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். 1995ஆம் ஆண்டு வி.பி. சாந்தா வழக்கின் தீர்ப்பிலிருந்து, கட்டணம் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது. குறை நேர்ந்ததிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். ரிப்போர்ட், ஃபிலிம், பில், மருத்துவரின் சீட்டு ஆகிய நான்கும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எல்லா நோயாளிகளுக்கும் முற்றிலும் இலவசமாகவே பார்க்கும் அரசு மருத்துவமனை அந்தத் தீர்ப்பின்படி நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. அங்கே நேர்ந்த அலட்சியத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தையோ உயர் நீதிமன்றத்தையோ நாட வேண்டியிருக்கும்.